ஆடும் டீ கிளாஸ்

மறுவாழ்வு மையத்தின் முன்னறையில் ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில், குடியை நிறுத்த இன்று வந்திருக்கும் தம்பி. மற்றதில், முன்பு இதே வாசல் வழியே வந்து தேறி, இப்போது வருகிறவர்களுக்குத் துணையிருக்கும் மனிதர். அவர் தம்பிக்கு நீட்டும் டீ கிளாஸ் கிடுகிடுவென்று ஆடுகிறது. டீ சிந்தி, ஜன்னல் வெயிலில் மேசை மினுங்குகிறது. தம்பியின் துணிப்பையோடு நிற்கும் அக்கா அவர் கையைப் பார்த்துக் கேட்கிறாள்: “நீங்களே இன்னும் விடலையா?” “குடியை விட்டாச்சும்மா. இது மனசுக்குப் போடுற மாத்திரை பண்ற வேலை. மனசு ஒரு இடத்துல நிக்குது, கைதான் நிக்க மாட்டேங்குது.” தம்பி கிளாஸை அவர் கையோடு சேர்த்துப் பிடிக்கிறான். இப்போது ஆடுவது யார் கை என்று தெரியவில்லை. “நீ கிளம்புக்கா, இவரை நான் பாத்துக்கறேன்.” பையை எந்த நாற்காலியருகே வைப்பதென்று புரியாமல் அக்கா நிற்கிறாள்.