ஒரே குரலில்

புயலுக்கு முந்தின நாள் டெல்பினின் புருஷன் கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. அவன் வருவான் என்று ஊரில் இப்போது யாரும் சொல்வதில்லை; மாமியார்கூட இறந்தவர்களுக்கான பூசைக்கு மகன் பெயரைக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் டெல்பின் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே ஒருவர் சொல்லும் வாக்கியம் சரியாக இருந்தால் சார் அதைப் பலகையில் எழுதுவார், வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும்.

இன்றைக்குப் பாடம், 'வில்'லுக்குப் பின்னால் 'ஷ்யூர்லி' வைப்பது. டெல்பின் எழுந்தாள். "தி மேன் ஹூ வில் ஷ்யூர்லி கம் பேக் இஸ் மை ஹஸ்பண்ட்."

"வெரி குட்மா," என்று சொல்லி சார் அதைப் பலகையில் எழுதினார். நிச்சயமாகத் திரும்பி வரப்போகிறவர் என் புருஷன் என்று அத்தனை வாயும் இங்கிலீஷில் சொன்னது.

"இன்னொருக்கா சார்."

சொன்னார்கள்.

"இன்னொருக்கா."

குரல் பாதியாகக் குறைந்தது. கடைசி வரிசையில் ஒருத்தி விசும்பினாள். சார் ஒன்றும் புரியாமல் டஸ்டரை எடுத்தார். டெல்பின் ஓடிப்போய், எழுத்தெல்லாம் மறைய, பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க வெளியூரு, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். "நீங்களாவது சொல்லுங்க சார்."