ஆடாமல் அசையாமல்

"நாட்டுக்காக விளையாடணும்னு வெறி இருக்கலாம்மா. அதுக்காகக் காலையா பலி குடுப்பாங்க?" மூட்டு மருத்துவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எதிரே, தேசிய அணியின் புத்தம் புதுச் சட்டையில் அவள். காலடியில் நீளமான பை. நாட்டுக்காக ஹாக்கி ஆடியவளின் கிழிந்த முழங்கால் தசைநாரைத் தைத்தவரே அவர்தான்.

"மைதானம் பக்கமே போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?" என்று பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மாவிடம் பாய்ந்தார்.

"நீங்க சொன்ன இன்னொண்ணை அவ அப்படியே கேட்டா, டாக்டர். அதான் இங்க வந்து நிக்குது. நன்றி சொல்லணும்னு இழுத்துக்கிட்டு வந்திருக்கா."

"நன்றியா? அப்படி என்ன சொன்னேன்?"

"ஆறு மாசம் ஆடாம அசையாம இருன்னீங்க," என்றாள் மகள். "முதல்ல சுவரைப் பாத்துப் பாத்து அழுதேன். அப்புறம் மெல்ல மெல்ல உடம்பு அடங்கிடுச்சு. என் மூச்சு எனக்கே கேட்டுச்சு."

குனிந்து பையைத் திறந்தாள். உள்ளே ஹாக்கி மட்டை இல்லை, வில் இருந்தது.

"இந்தத் தடவை அசையாம நிக்கிறதுக்குத்தான் டாக்டர், என்னை எடுத்திருக்காங்க!"