பாப்பாவின் வெந்நீர்ப் பை

"வைக்காதடி பாப்பா!"

அத்தை பாய்ந்து வந்து வெந்நீர்ப் பையைப் பிடுங்கிய வேகத்தில், கட்டிலில் சுருண்டு கிடந்த அண்ணன் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பா இவளில்லை. அத்தையின் ஒரே மகள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இப்போது சுவரில் படமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை கிடைத்து இந்த வீட்டில் வந்து தங்கியதிலிருந்து மாதா மாதம் இதே கூத்துதான். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கும்போது அத்தை வந்து நிற்பாள். வலது அடிவயிற்றில் அமுக்குவாள், விடுவாள், முகத்தையே பார்ப்பாள். "இங்க வலிக்கலையே? நெசமாத்தானே?" என்று பாடாய்ப் படுத்திய பிறகுதான், அலமாரியைத் திறந்து பாப்பாவின் பையை எடுத்து வெந்நீர் ஊற்றித் தருவாள்.

மகளின் பொருளை இன்னொருத்தி தொடுவது பொறுக்கவில்லை, வேறென்ன? அதனால்தான் இன்று அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து இவளே எடுத்து நிரப்பியிருந்தாள்.

"குடுங்க அத்தை, உயிர் போகுது! நாள் நெருங்கிடுச்சு, அதான் வலி. உங்க பொண்ணோடத நீங்களே பூட்டி வச்சுக்குங்க, நான் வேற வாங்கிக்கறேன்!"

அத்தை ஈரத் தலையோடு குனிந்து, வலது பக்கம் அமுக்கி, சட்டென்று கையை எடுத்தாள்.

"ஐயோ அம்மா!" வீடே அதிர அலறினாள் இவள்.

அத்தையின் முகம் வெளுத்துப் போயிற்று. பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, வந்த வண்டியைக் கைகாட்டி மறித்தாள்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்.

"குடல்வால் வெடிக்கற நெலமைல இருந்துச்சும்மா. மாச வலின்னு நெனச்சு சூடு வச்சுக்கிட்டு வீட்டுலயே படுத்திருந்தா, உன்னை நாங்க உயிரோட பாத்திருக்க முடியாது. உங்க அத்தை கெட்டிக்காரங்க!"

அவர் போனதும் இவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசிய பேச்சை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

"எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க? நீங்க என்ன, நர்ஸ் வேலையா பாத்தீங்க?"

அத்தை சிரிக்கவில்லை. காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி பூரா பாப்பாவுக்கு ஒத்தடம் குடுத்தது நான்தான்டி."