பொட்டலம் கிடையாது

“யாருக்குடி இந்த வேஷம்? இந்த வயசுல உனக்கு மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா?”

அப்பீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். இந்தப் பக்கம் துவாய்னே தலையில் பூ வளையம், உதட்டில் சாயம், கல்யாணங்களுக்கு மட்டுமே பெட்டியைவிட்டு வெளியே வரும் நீலக் கவுன் என்று நின்றிருந்தாள்.

எங்கள் ராரோடோங்காத் தீவுக்கு ஊர் பார்க்க வருகிறவர்களை வேனில் ஏற்றி, வியாழன்தோறும் மூன்று வீடுகளில் சாப்பிட வைப்பார்கள். முதல் வீட்டில் எலுமிச்சையில் ஊறிய மீன், அடுத்த வீட்டில் மண்ணடுப்புப் பன்றிக்கறி, கடைசியாகத் துவாய்னே வீட்டில் இனிப்பு. வழக்கமாக அவள் கரித்துணியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பரிமாறுவாள். அதனால் அப்பீ கேட்டதில் தப்பில்லை.

“நூரோவா வர்றாடி,” என்றாள் துவாய்னே. “வேன் ஓட்டுற தாங்கி சொன்னான். ஆக்லாந்துலேர்ந்து அந்தப் பேர்ல ஒரு பொண்ணு இடம் சொல்லி வச்சிருக்காளாம்.”

அப்பீ கடித்துக்கொண்டிருந்த மாங்கொட்டை கை நழுவி விழுந்தது.

நூரோவா துவாய்னே பெற்ற ஒரே பெண். பால் மறக்கும் முன்பே ஆக்லாந்தில் இருந்த பிள்ளையில்லாத அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் தீவில் இது புதிதில்லை. யார் ஊட்டி வளர்க்கிறாளோ அவள்தான் தாய். பெற்றவள் வலியப் போய் ‘நான்தான்’ என்று சொன்னால் மானக்கேடு. பிள்ளையே தானாகத் தேடி வந்தால் வரலாம்.

“வந்ததும் நேராக் கேட்டுடுவியா?”

“கேக்க மாட்டேன். சொன்னா சொல்லட்டும். ஒரே ஒரு தடவை என் கையால சாப்பிட்டா போதும்டி எனக்கு.”

வேன் வந்தது. வெயிலில் வெந்து சிவந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவே மாநிறத்தில் ஒரே ஒரு பெண் இறங்கினாள். உதவி செய்கிற சாக்கில் அப்பீ ஏற்கெனவே வேலியைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள்.

“மூக்கைப் பாருடி! உன் மூக்கேதான்,” என்று துவாய்னேவின் காதைக் கடித்தாள். அப்பீ இளநீர்க் காயில்கூட ஜாடை கண்டுபிடிப்பவள். இருந்தாலும் துவாய்னேவுக்கு அது போதுமாயிருந்தது.

வாழைப்பழத்தை மசித்து, கிழங்கு மாவு சேர்த்து, அல்வா பதத்தில் வேகவைத்து, மேலே கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிய ‘போக்கே’ என்கிற இனிப்புதான் அன்றைக்கு. மற்றவர்களுக்கு ஓரத்துத் துண்டுகள் போயின. தட்டின் நடுப்பாகம் முழுக்க அந்தப் பெண்ணின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள். நிமிர்ந்து துவாய்னேவையே பார்த்தாள்.

“ரொம்ப நல்லாருக்கு ஆன்ட்டி. மீதியைப் பொட்டலம் கட்டித் தர்றீங்களா? இப்படியே ஏர்போர்ட்டுக்குத்தான் போறோம்.”

எங்கள் ஊர் விருந்தில் பாதி வயிற்றுக்கு, பாதி பொட்டலத்துக்கு. கேட்காதவர்கள் கையிலேயே திணித்து அனுப்புவோம். அப்படிப்பட்ட ஊரில் துவாய்னே சொன்னாள்:

“பொட்டலம் கிடையாது. ஆறினா நல்லாருக்காது. இங்கயே என் கண் முன்னாடி சாப்பிடு.”

அப்பீக்கு மூச்சே நின்றுவிட்டது. “என்னடி அநியாயம் இது? வாய் விட்டுக் கேக்குது பொண்ணு! இப்படி ஒரு கஞ்சப்பிசினாறி பக்கத்து வீட்டுல இருக்கான்னா எனக்குல்ல அசிங்கம்?”

“நீ வாயை மூடுடி.”

“ஒரு துண்டாவது குடுங்க ஆன்ட்டி, இலையில சுத்தி...”

“பேசாதே. வாயைத் திற.”

துவாய்னே தன் விரலாலேயே துண்டை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் தயங்கினாள். வீட்டுக்காரி ஊட்டுவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தாள்.

ஒவ்வொரு துண்டாகப் போனது. விழுங்கும் வரை காத்திருந்து அடுத்ததை ஊட்டினாள் துவாய்னே. உதட்டோரம் வழிந்த தேங்காய்ப்பாலைக் கட்டைவிரலால் வழித்துவிட்டாள். மிச்சம் மீதி இருந்தால் முதலில் கை நீட்டுகிற அப்பீகூட அன்றைக்கு ஒரு துண்டு கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

தட்டு காலியானபோது தாங்கி ஹாரன் அடித்தான். “சீக்கிரம்! விட்டா பிளேன் போயிடும்!”

புறப்படுகிறவர்களுக்குப் போடும் சிப்பி மாலையை அவள் கழுத்தில் போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்தாள் துவாய்னே. இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் படியில் கால் வைக்காமல் நின்றாள்.

“ஏதாச்சும் சொல்லணுமாம்மா?” என்றாள் துவாய்னே. கேட்கக் கூடாது என்று வைத்திருந்த வைராக்கியம் அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. நான் நூரோவாவோட ஃபிரெண்டு. வாசல் வரைக்கும் வர அவளுக்குத் தைரியம் இல்ல, ஏர்போர்ட்லயே உக்காந்துட்டா.”

துவாய்னே ஏர்போர்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அவ சாப்பிடத்தான் பொட்டலம் கேட்டேன்.”