கீழ்ப்பாதி

திரையில் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் பிழை. மழை விட்டுக் கிழமைக்கணக்காகிறது. இந்த வெயிலில் கழிவுக் குழாயில் ஓட வேண்டியது கலங்கலும் நாற்றமும்தான். இத்தனை தெளிவு என்றால் அது நிலத்தடித் தண்ணீர். எங்கோ வழி கிடைத்து உள்ளே வருகிறது. வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

கணேஸ் கமெராக் கம்பியை மேன்ஹோலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

மஹய்யாவச் சரிவில் அந்தக் குழாய் அவனுடைய வீட்டுக்கு அடியால்தான் ஏறிப்போகிறது. வீட்டுச் சுவர் பிளந்திருந்தது. வெடிப்பு சுவரால் இறங்கித் தரையின் குறுக்கே ஓடியது. அடுத்த மழைக்கு முன் வீட்டை விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள்.

மண் எதனால் போகிறது என்று தெரிந்தால் அடைத்துவிடலாம். வீடு மிஞ்சலாம்.

ராஜலிங்கம் பக்கத்தில் குந்தியிருந்தான். கணேஸின் மனைவி சுதர்சினிக்கு அண்ணன். இந்தக் குழாயைப் பதித்த மேசனும் அவன்தான்.

"எங்க மச்சான் வச்ச லைன் சேர். இதுல ஒழுகாது, வேற எங்கயாச்சும் பாருங்க" என்று காலையில்கூடக் கணேஸ் மாநகரசபையில் தன் மேலதிகாரியிடம் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, எதற்கும் பார் என்றார்.

குழாய்த் துண்டுகள் சேரும் முதல் மூட்டு திரைக்கு வந்தது.

மேல்பாதியில் சீமெந்து. நல்ல வேலை.

கீழ்ப்பாதியில் சாக்கு.

மடித்து, இடுக்கில் திணித்த வெறும் சாக்கு. அதன் நுனி நாக்கைப் போல ஆடியது. அதைச் சுற்றித் தண்ணீர் கொப்புளித்து உள்ளே வந்தது.

குழாய் பதிக்கிற நேரம் குழியின் ஓரத்தில் நின்று பார்க்க வருகிறவர்களுக்கு மூட்டின் மேல்பாதிதான் தெரியும். கீழ்ப்பாதியைப் பார்க்க யாரும் குனிவதில்லை. மேசன்மாருக்கு அது தெரியும்.

அடுத்த மூட்டும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

"ஏன் மச்சான்?"

ராஜலிங்கம் தலையைத் தூக்கி மேலே வீட்டைப் பார்த்தான்.

கணேஸ் கம்பியை வெளியே இழுத்தான். அடைக்க வேண்டியது ஒரு ஓட்டையை அல்ல, வழி நெடுகிலும் உள்ள மூட்டுகளை. வீட்டுக்கு அடியில் எவ்வளவு மண் மிச்சம் இருக்கிறது என்று இனி யாரும் பார்க்கத் தேவையில்லை.

மேலேயிருந்து சுதர்சினி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, தேத்தண்ணி ஆறுது. ரெண்டு பேரும் காலக் கழுவிட்டு வாங்க, இப்பதான் தரையத் தேச்சு வச்சிருக்கேன்."

ராஜலிங்கம் எழவில்லை. கணேஸ் மட்டும் படியேறினான்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். வெடிப்பு விழுந்த பிறகும் அவள் மெழுகு போட்டுத் தேய்க்கிற சிவப்புத் தரை, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. அவனால் அதில் கால் வைக்க முடியவில்லை.

குழாய் பதித்த அதே வருசம் போட்ட தரை. மூட்டை மூட்டையாகச் சீமெந்தைத் தோளில் சுமந்துகொண்டு ராஜலிங்கம் இந்தப் படியேறி வந்தான்.

"வேலையில மிஞ்சினது மாப்ள. தங்கச்சி மண் தரையில படுக்கக் கூடாது."