வாய்க்குப் பூட்டு

மருத்துவமனையில் உளவியல் ஆலோசகர் வேலைக்கான செய்முறைத் தேர்வில் அவள் இரண்டு தடவை தோற்றிருந்தாள். நோயாளியாக நடிக்க வருகிறவரைப் பேசவே விடாமல் புத்தி சொல்லித் தீர்த்துவிடுவாள். இது கடைசி வாய்ப்பு.

கதவைத் திறந்துகொண்டு நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வந்தாள்.

"உட்காருங்கம்மா. முகம் வாடியிருக்கே?"

"ஒண்ணுமில்ல. நான் வந்தது என்னன்னா..."

"மெதுவா சொல்லுங்க."

அதோடு வாய்க்குப் பூட்டு போட்டுக்கொண்டாள். நாக்கு நுனிக்கு வந்த புத்திமதியை விழுங்கினாள்.

"எங்க வீட்டுல யாரும்மா இப்படிக் கேட்டாங்க?" என்று அந்தம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். மகள் தன்னோடு பேசாமல் போன எட்டு மாதக் கதையைக் கொட்டித் தீர்த்தாள்.

"இன்னிக்கே நானே அவளுக்கு போன் பண்றேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

என்னமாய் நடிக்கிறாள் என்று இவள் அசந்து நிற்க, தேர்வாளர் வந்தார்.

"இந்த ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலேருந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்துலயே ஸ்பீக்கரை அணைச்சுட்டோம்."

"ஏன் சார், தப்பா பண்ணிட்டேனா?"

"அது நாங்க கேக்கக் கூடாத பேச்சும்மா. அவங்க நம்ம ஆபீஸ் கிளார்க். நடிக்கிறவர் வரல, தேர்வை இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு உங்ககிட்ட சொல்லத்தான் அனுப்பினேன்."

அவள் முகம் தொங்கிப்போனது.

"சொல்ல வந்ததையே மறந்துட்டுப் போறாங்க. இன்னொரு நாள் எதுக்கு? திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க."