புதிதாக ஏதாவது

"அந்தக் கட்டுரைய இன்னொரு தடவ படி," என்றார் அப்பா ரோலண்ட்.

பிரிட்டா எடுக்கவில்லை. அவளுக்கு அது மனப்பாடம். நவம்பரில் விண்ணப்பத்தோடு கல்லூரிக்கு அனுப்பிய கட்டுரை. அப்பாவின் புற்றுநோயைப் பற்றியது. 'இது என் அப்பாவின் கடைசி இலையுதிர்காலம்' என்றுதான் தொடங்கும்.

இலையுதிர்காலம் போய்விட்டது. கிறிஸ்துமஸும் போய்விட்டது. அப்பா போகவில்லை.

கூடத்தில் வழக்கமாகக் கிறிஸ்துமஸ் மரம் நிற்கும் இடத்தில் இந்த முறை ஆஸ்பத்திரிக் கட்டில் கிடந்தது. அதில் அப்பா சாய்ந்திருந்தார். மரம் சமையலறை மூலைக்குப் போயிருந்தது. ஜனவரி பாதி ஆகியும் அதைக் கழற்றி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வெளியே பனி தள்ளும் லாரி போனது. சத்தம் குறைத்த டிவியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரியின் பதில் டிசம்பரில் வந்தது. சேர்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. முடிவை மார்ச்சுக்குத் தள்ளிவைக்கிறோம் என்றார்கள். அதற்குள் புதிதாக ஏதாவது நடந்தால் எழுதித் தெரிவிக்கலாமாம்.

"ஏன் தள்ளி வச்சாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் அப்பா. "கடைசி இலையுதிர்காலம்னு எழுதிட்ட. நெசந்தானான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்காங்க."

"சும்மா இருப்பா."

"டாக்டர் கிறிஸ்துமஸ் வரைக்குந்தான்னு சொன்னாரு. என்னையும் தள்ளித்தான் வச்சிருக்கு. நீயும் நானும் ஒரே லிஸ்ட்டு."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. பிரிட்டா ஸ்ட்ரா போட்ட தம்ளரை அவர் வாயருகே பிடித்தாள்.

முழுச் செலவையும் ஏற்கக்கூடிய கல்லூரி அது ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால், அம்மா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இவளுக்கும் ஒரு சீருடை காத்திருக்கிறது. அம்மா போன வாரமே அங்கே பேசி வைத்துவிட்டாள். நல்ல செய்தி சொல்வதுபோல வந்து சொன்னாள். பிரிட்டா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"சரி, யோசிப்போம்," என்றார் அப்பா. "காரு ஓட்டக் கத்துக்கிட்ட. அத எழுது."

"என் கிளாஸ்ல எல்லாருமே ஓட்டுறாங்கப்பா."

"நான் படுத்திருக்கும்போதே எனக்கு பெட்ஷீட் மாத்துற. ஒரு சுருக்கம் இருக்காது. உங்க அம்மாவுக்கே அது வராது."

"அதுக்கெல்லாம் மார்க் கிடையாது."

மார்க் கிடைக்கிற வேலைகளை எல்லாம் அவள் செப்டம்பரிலேயே விட்டுவிட்டாள். ஹாக்கி மட்டை கராஜில் கிடக்கிறது. விவாதக் குழுவில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு அதே கல்லூரி டிசம்பரிலேயே இடம் கொடுத்துவிட்டது. பிரிட்டா பள்ளி விட்டால் நேரே வீடு. தேவாலயத்துப் பெண்கள் கொடுத்துவிட்டுப்போன, கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஃப்ரீசர் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துச் சூடாக்குவாள். வழக்கமாகத் துக்க வீட்டுக்குக் கொடுக்கும் பண்டம். இந்த வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது.

"ஸ்கூல்ல அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

கல்லூரி விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் டுரானைத்தான் கேட்கிறார். பிரிட்டா தம்ளரைத் துடைத்து வைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சொல்லு, பரவால்ல."

"உங்க அப்பாவுக்கு உடம்பு முடியலேங்கறது காலேஜ்காரங்களுக்குத் தெரிஞ்சதுதான், அது பழைய விஷயம், அதுக்கப்புறம் என்னன்னுதான் பாப்பாங்கன்னாங்க."

மிஸ் டுரான் அதை அன்பாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மேஜைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை அவசரமாக இவள் பக்கம் நகர்த்தினார். பிரிட்டாவுக்கு அழுகை வரவில்லை. பெட்டியை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

டிவியில் அப்பாவின் அணி கோல் போட்டது. அவர் பார்க்கவில்லை.

"எப்ப வரைக்கும் எழுதி அனுப்பலாம்?"

"பிப்ரவரி பதினஞ்சு," என்றாள் யோசிக்காமல்.

எதிர்ச் சுவரில், அவர் வேலை பார்த்த ஃபர்னஸ் கம்பெனி கொடுத்த காலண்டர் தொங்கியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுக்குள்ள எனக்கு முடிஞ்சிடும்னு நினைக்கிறேன்."

வேடிக்கையாகப் பேசும்போது அவருக்கு இடது புருவம் ஏறும். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அது தெரியும். புருவம் ஏறவில்லை.

அப்படியெல்லாம் பேசாதே என்று சொல்ல வேண்டும். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். அழவாவது வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் அவள் வாயைத் திறந்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் கூட வாங்கிப்பாங்களாம்ப்பா."

அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுக்கத்தான் நினைத்தாள். சொன்ன பிறகுதான் அது கெடு நீட்டியதுபோல அவள் காதிலேயே விழுந்தது.

"அப்ப அவசரமில்ல," என்றார் அப்பா. அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.